புஷ் பதிவேட்டையும் கமிட் மின்னஞ்சலையும் நிறுத்தியது பற்றி உட்கட்டமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உட்கட்டமைப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நம் மையக் களஞ்சியச் சர்வரில் இயங்கிவந்த போஸ்ட்-ரிசீவ் ஹூக்கை, அதாவது மாற்றங்கள் வந்து சேர்ந்ததும் தானாக இயங்கும் ஸ்கிரிப்ட்டை, நீக்கிவிட்டதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை ஏற்க இயலாமல் இதை எழுதுகிறேன். யார் புஷ் செய்தாலும் (தம் கணினியிலுள்ள மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பினாலும்) அதன் விவரத்தை மின்னஞ்சலாக அனுப்பியதும், சர்வரின் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைத்ததும் அந்த ஒரே ஸ்கிரிப்ட்தான். நீக்கியதற்கு மூன்று காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். மின்னஞ்சல்கள் அளவுக்கு மிஞ்சி வருவதால் யாரும் அவற்றைப் படிப்பதில்லை என்பது ஒன்று. ஸ்கிரிப்ட் முடியும்வரை புஷ் செய்தவர் காத்திருக்க நேர்கிறது என்பது இன்னொன்று. எல்லா விவரமும் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றிலேயே இருப்பதால் தனிப் பதிவேடு வேண்டியதில்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டும் மெய்யான குறைகள்; ஸ்கிரிப்ட்டைத் திருத்தினால் தீரக்கூடியவை. மூன்றாவது பிழையான எண்ணம். அது உங்கள் குழுவில் நிலைத்துவிட்டால் நாளை வேறொரு ஸ்கிரிப்ட்டும் இதே காரணத்துக்காக நீக்கப்படும் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நாம் கிட்டுக்கு வருவதற்கு முன் சப்வெர்ஷனில் பல ஆண்டுகள் வேலை செய்தோம். சப்வெர்ஷனில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் உரிய ஆசிரியர் பெயரைச் சர்வர்தான் எழுதும். உள்நுழைவில் சரிபார்க்கப்பட்ட பயனரின் பெயரே அங்கே பதிவாகும். நேரமும் சர்வரின் கடிகாரத்திலிருந்தே எடுக்கப்படும். ஆகவே ‘வரலாற்றைப் பார்த்தால் போதும்’ என்று அப்போது சொன்னதில் பெருமளவு நியாயம் இருந்தது. அங்கேயும் கமிட் குறிப்பை, அதாவது பதிவுசெய்த மாற்றத்தோடு எழுதும் விளக்கத்தை, பின்னால் மாற்றினால் பழைய குறிப்பு சுவடின்றி அழிந்துவிடும் என்பதால்தான், முன்-சரிபார்ப்பு ஹூக் ஒன்றை நிர்வாகி எழுதிவைக்காதவரை அந்த மாற்றத்தைச் சப்வெர்ஷன் அனுமதிப்பதே இல்லை. மாற்றியபின் மின்னஞ்சல் அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு ஹூக்கும் அதில் உண்டு.

கிட்டில் இந்த ஏற்பாடு தலைகீழ். கமிட் என்பது நிரலாளரின் சொந்தக் கணினியில் உருவாகிறது. அதில் உள்ள ஆசிரியர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அவர் தம் கணினியின் அமைப்பில் எதை எழுதிவைத்திருக்கிறாரோ அதுதான்; அங்கே என் பெயரை எழுதிக்கொண்டு யார் வேண்டுமானாலும் கமிட் செய்யலாம், கிட் ஒரு கேள்வியும் கேட்காது. நேரமும் அவர் கணினி சொல்வதுதான், அதையும் ஒரு சூழல் மாறியால் விரும்பியபடி மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கமிட் நம் சர்வருக்கு எப்போது வந்தது, யாருடைய உள்நுழைவில் வந்தது, எந்தக் கிளை (தனியாக வளரும் மாற்றங்களின் வரிசை) எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற மூன்றுக்கும் கமிட்டுக்குள் இடமே கிடையாது. அவை புஷ் நடக்கும் அந்தக் கணத்தில் சர்வருக்கு மட்டுமே தெரிந்தவை. போஸ்ட்-ரிசீவ் ஹூக்குக்கு ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வரியாக, பழைய கமிட்டின் அடையாளம், புதிய கமிட்டின் அடையாளம், கிளையின் பெயர் ஆகியவை உள்ளீடாக வருகின்றன. உள்நுழைந்தவரின் பெயர் சூழல் மாறியில் கிடைக்கிறது. அந்த நேரத்தில் எழுதிவைக்காவிட்டால் பிறகு எங்கே போய்த் தேடினாலும் கிடைக்காது.

கிளைகளின் நகர்வைக் கிட் தானே குறித்துவைக்கும் ரெஃப்லாக் சர்வரில் இருக்கிறதே என்று உங்கள் குழுவில் ஒருவர் என்னிடம் சொன்னார். வேலைக்கோப்புகள் இல்லாத வெற்றுக் களஞ்சியங்களில், அதாவது சர்வரில் வைக்கும் வகைக் களஞ்சியங்களில், ரெஃப்லாக் இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதை அவர் கவனிக்கவில்லை. நம் சர்வரிலும் அது அணைந்தேதான் இருக்கிறது. போட்டுவைத்தாலும் அது பதிவேட்டுக்கு முழு மாற்றாகாது. ஒரு கிளையை நீக்கினால் அதன் ரெஃப்லாக்கும் சேர்ந்தே போய்விடும். இயல்பான அமைப்பில் 90 நாள்களுக்கு மேற்பட்ட வரிகள் களையப்படும். கிளையின் இன்றைய முனையிலிருந்து எட்ட முடியாத கமிட்டுகளைப் பற்றிய வரிகளுக்கு 30 நாள்தான். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

இது வெறும் வாதமாக இருந்திருந்தால் உங்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்பிவிட்டு நிறுத்தியிருப்பேன். சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்த பின் எங்கள் குழுவில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். வெளியீட்டுக்குத் தயாராக இருந்த கிளையிலிருந்து சில கமிட்டுகள் காணாமல் போயின. முந்தைய பில்டில் (நிரலிலிருந்து தொகுத்த பதிப்பில்) சரிசெய்யப்பட்டிருந்த ஒரு பிழை அடுத்த பில்டில் மீண்டும் தலைகாட்டியதைச் சோதனையாளர் ஒருவர் கவனித்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. யாரோ தம்மிடமிருந்த பழைய நிலையின்மேல் ரீபேஸ் செய்து (கமிட்டுகளை அதன்மேல் மறுபடி அடுக்கி), அதைச் சர்வரில் உள்ளதை மேலெழுதும் கட்டாய புஷ்ஷாக அனுப்பியிருக்கிறார்கள். சர்வரில் அழிந்தவற்றை, நல்ல வேளையாக அதற்குள் ஃபெட்ச் செய்திராத (சர்வரின் புதிய நிலையை இறக்கிக்கொள்ளாத) ஒரு சக நிரலாளரின் கணினியிலிருந்து மீட்டோம். அவரும் அன்று காலையே ஃபெட்ச் செய்திருந்தால் ஒவ்வொருவர் கணினியின் ரெஃப்லாக்கையும் கிளறித் துண்டு துண்டாகச் சேர்த்திருக்க வேண்டியிருக்கும்.

மீட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். யார் செய்தது என்று தேடியபோது நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கிளையின் முனையில் இருந்த கமிட்டில் ஆசிரியராக ஒருவர் பெயர் இருந்தது. ரீபேஸ் செய்தாலும் மூல ஆசிரியரின் பெயர் அப்படியே தங்கும் என்பது நிரலாளர்களுக்குத் தெரியும். ஆனால் விளக்கம் கேட்டவர்கள் நிரலாளர்கள் அல்லர். அந்த வாரம் முழுவதும் விடுப்பில் இருந்த அந்தச் சக ஊழியர், தாம் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று எழுத்து மூலம் விளக்க வேண்டி வந்தது. கமிட்டரின் (கமிட்டைக் கடைசியாக உருவாக்கியவரின்) இடத்தில் இருந்ததோ பலரும் பயன்படுத்தும் பில்டு இயந்திரத்தின் பொதுக் கணக்கு. அந்த இயந்திரத்திலிருந்து யார் புஷ் செய்தார் என்ற கேள்வி இன்றுவரை விடையில்லாமலேயே நிற்கிறது. நீங்கள் நீக்கிய ஸ்கிரிப்ட் இயங்கியிருந்தால் எந்தச் சாவியில் உள்நுழைவு நடந்தது, எந்த முகவரியிலிருந்து, எந்த நொடியில், கிளை எதிலிருந்து எதற்கு மாறியது என்பதெல்லாம் பதிவேட்டில் ஒரே வரியாக இருந்திருக்கும். ஒருவர் வீணாகத் தலைகுனிய நேர்ந்திராது.

நம் நிறுவனத்துக்கு வெளியே, உலகறிந்த களஞ்சியங்களிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் பின்கதவு வைக்க ஒரு முயற்சி நடந்தது. அப்போது கர்னலின் மூலம் பிட்கீப்பர் என்ற களஞ்சிய மென்பொருளில் இருந்தது, அதிலிருந்து சி.வி.எஸ். என்ற இன்னொரு களஞ்சிய மென்பொருளின் வடிவில் ஒரு பிரதி தானாக உருவாக்கப்பட்டுவந்தது. அந்தப் பிரதிக்குள் புகுந்த ஒருவர், வெயிட்4 என்ற கணினி அழைப்புக்கான நிரலில் இரண்டே வரிகளைச் சேர்த்திருந்தார். ஒப்பிடும் குறி இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பை இடும் குறியை வைத்ததால், குறிப்பிட்ட விதத்தில் அழைப்பவருக்கு ரூட் அதிகாரம் (கணினியின் முழுக் கட்டுப்பாடு) கிடைத்துவிடும். பார்த்தால் சாதாரணத் தட்டச்சுப் பிழைபோலத் தோன்றும் வரி அது. சி.வி.எஸ். பிரதியைப் பிட்கீப்பரில் உள்ளதோடு ஒப்பிட்டுவந்த தானியங்கிச் சோதனை, அந்த மாற்றத்துக்கு மூலத்தில் இணையே இல்லை என்று காட்டியதால்தான் அது பிடிபட்டது. மாற்றம் நடந்த இடத்தின் சொல்லை மட்டும் நம்பாமல், அதிலிருந்து விலகி நிற்கும் இன்னொரு சாட்சியைக் கேட்கும் வழக்கம் அங்கே இருந்தது.

2021 மார்ச் 28 அன்று பி.எச்.பி. மொழியின் மூலக் களஞ்சியத்தில் நடந்தது நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பெயரில் ஒன்று, முக்கியப் பங்களிப்பாளரான நிகிதா போபோவின் பெயரில் ஒன்று என இரண்டு தீய கமிட்டுகள் சேர்க்கப்பட்டன. இருவரில் எவரும் அவற்றைச் செய்யவில்லை. கமிட்டில் யார் பெயரையும் எழுதலாம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கமிட் ஆனபின் வழக்கமாக அவற்றைப் படித்துப் பார்ப்பவர்கள் இருந்ததால் முதல் கமிட் சில மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அவை எந்த வழியாக உள்ளே வந்தன என்பதோ சர்வரின் அணுகல் பதிவேட்டிலிருந்தே தெரியவந்தது: எஸ்.எஸ்.எச். சாவி வழியாக வராமல், எச்.டி.டி.பி.எஸ். வழியாகக் கடவுச்சொல் கொண்டு புஷ் செய்யப்பட்டிருந்தன. கண்டுபிடிக்க உதவியது புதிய மாற்றங்களைப் படிக்கும் பழக்கம். வழியைக் காட்டியது பதிவேடு. இரண்டையும் நீங்கள் ஒரே சுற்றறிக்கையில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

கமிட்டுகளில் மின் கையொப்பம் கட்டாயமாக்கினால் போதாதா என்று கேட்கலாம். கையொப்பம் நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் அது கமிட்டை எழுதியவரைத்தான் உறுதிசெய்யும். கிளையை நகர்த்தியவரைப் பற்றி எதுவும் சொல்லாது. என் கையொப்பம் உள்ள பழைய கமிட் ஒன்றை இன்னொருவர் கட்டாய புஷ் மூலம் கிளையின் முனையாக்கினால் எல்லாக் கையொப்பங்களும் சரியாகவே இருக்கும், புதிய வேலை மட்டும் இருக்காது. இந்த இடைவெளியைக் கிட்டை உருவாக்குபவர்களே உணர்ந்துதான் 2014இல் வெளியான 2.2 பதிப்பில் கையொப்பமிட்ட புஷ் என்ற வசதியைச் சேர்த்தார்கள். அந்தப் புஷ் சான்றிதழையும் கிட் ஹூக்கிடம்தான் ஒப்படைக்கிறது. அதைச் சேமிப்பதும் விடுவதும் ஹூக்கின் வேலை. ஹூக்கே இல்லாத சர்வரில் சான்றிதழ் வந்தும் பயனில்லை.

இனி மின்னஞ்சலைப் பற்றி. குறைகளை மறைக்கமாட்டேன்: பழைய ஸ்கிரிப்ட் மோசமாக எழுதப்பட்டிருந்தது. யாராவது ஒரு புதிய கிளையைத் தொடங்கினால், பழைய அடையாளத்தின் இடத்தில் வெறும் சுழியங்கள் வரும் என்பதை அது கணக்கில் கொள்ளாமல், களஞ்சியத்தின் தொடக்கம் முதல் உள்ள எல்லாக் கமிட்டுகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பித் தள்ளியது. எங்களில் பலர் அன்றே அந்த முகவரியிலிருந்து வருபவற்றை நேராகக் குப்பைக்கு அனுப்பும் விதியை எழுதிவைத்தார்கள். மற்ற கிளைகளில் ஏற்கெனவே உள்ள கமிட்டுகளைத் தவிர்த்துவிட்டு, உண்மையிலேயே புதியவற்றை மட்டும் பட்டியலிடுமாறு கிட்டிடம் கேட்டால் இந்தத் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். கட்டளையில் சில சொற்கள் கூடும், அவ்வளவே. ஒரு கிளையை இன்னொன்றோடு மெர்ஜ் செய்யும்போது (இணைக்கும்போது) மடல்கள் மழையாகக் கொட்டியதற்கும் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட சிக்கல் புதியதும் அல்ல. சி.வி.எஸ்.ஸின் லாக்இன்ஃபோ ஏற்பாடு ஒரு கமிட்டை அடைவு அடைவாகப் பிரித்து ஸ்கிரிப்ட்டை அழைத்ததால், பத்து அடைவுகளைத் தொட்ட ஒரே மாற்றத்துக்குப் பத்து மின்னஞ்சல்கள் பறந்த காலம் உண்டு. அந்தக் கால நிர்வாகிகள் மின்னஞ்சலை நிறுத்திவிடவில்லை. கடைசி அடைவு வரும்வரை துண்டுகளைச் சேகரித்து ஒரே மடலாக அனுப்பும் ஸ்கிரிப்ட்டை எழுதினார்கள். கிட்டுக்கும் அப்படிப்பட்ட ஆயத்த ஸ்கிரிப்ட்டுகள் இருக்கின்றன. கிட்-மல்டிமெயில் ஒரு புஷ்ஷுக்கு ஒரு சுருக்க மடலை அனுப்பி, ஒவ்வொரு கமிட்டையும் அதன்கீழ் பதில் மடலாகக் கோத்துவிடும். எத்தனை மடல்கள்வரை, ஒவ்வொன்றும் எத்தனை வரிவரை என்று வரம்பு வைக்கலாம். கட்டாய புஷ் நடந்தால் எந்தெந்தக் கமிட்டுகள் கழற்றிவிடப்பட்டன என்பதையும் அது சுருக்க மடலில் சொல்லும். எங்கள் கிளைக்கு நேர்ந்தது அன்று இப்படி ஒரு மடலாக வந்திருந்தால், அடுத்த பில்டு வரை எவரும் காத்திருந்திருக்க மாட்டோம்.

‘யாரும் படிப்பதில்லை’ என்ற கூற்றை எப்படி அளந்தீர்கள் என்று தெரியவில்லை. நிரலாளர்களை மட்டும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மடல்களை ஒழுங்காகப் படித்தவர்கள் வேறு ஆள்கள்: தரவுத்தள நிர்வாகிகள், ஆவணம் எழுதுபவர்கள், இரவுப் பணியில் சர்வர்களைக் கவனிப்பவர்கள். இணைப்பு முறியும் நேரத்தைக் குறைத்த ஒரு வரி மாற்றத்தைக் கோட் ரெவ்யூவில் பார்த்த எங்களில் எவருக்கும் அது தவறாகப் படவில்லை. மடலில் அதைப் பார்த்த தரவுத்தள நிர்வாகி ஒருவர்தான், மாத இறுதிக் கணக்கு வினவல் அதைவிட நீண்ட நேரம் ஓடும் என்று பதில் எழுதினார். அவர் எங்கள் ரெவ்யூப் பட்டியலில் இருந்ததே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. டாஷ்போர்டில் எல்லாம் தெரிகிறது என்று நீங்கள் சொல்வதற்கும் இதுவே என் பதில். அங்கே போய்ப் பார்க்க, பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

புஷ் தாமதம் சரியான புகார்தான். போஸ்ட்-ரிசீவ் முடியும்வரை புஷ் செய்தவரின் முனையம் விடுபடாது. நம் ஸ்கிரிப்ட்டோ மின்னஞ்சல் சர்வருடன் நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சர்வர் மந்தமானால் எங்கள் புஷ்ஷும் மந்தமானது. ஹூக்கின் வேலை பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்ப்பதோடு முடிந்துவிட வேண்டும். மடலை எழுதி அனுப்புவதை, அந்தப் பதிவேட்டைப் படிக்கும் தனிச் செயல்முறை ஒன்று செய்யட்டும். மின்னஞ்சல் சர்வர் படுத்துவிட்டாலும் எதுவும் தொலையாது, எழுந்தபின் விட்ட இடத்திலிருந்து அனுப்பும். அனுப்புநர் முகவரியில் நிரலாளரின் பெயரைப் போலியாக இடும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பல மடல்களை எரித வடிகட்டிகள் விழுங்கியதற்கு அதுவும் காரணம். நிலையான ஒரு சேவை முகவரியிலிருந்து அனுப்பி, பதிலுக்கான முகவரியாக மட்டும் நிரலாளருடையதை வைத்தால் போதும். கமிட் குறிப்பின் முதல் வரியைத் தலைப்பில் இடும்போது முறையாகக் குறியாக்கம் செய்தால், ஆங்கிலமல்லாத எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறாது.

உங்கள் சுற்றறிக்கை சொல்லாத ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள முழு வேறுபாட்டையும் மடலில் இணைப்பது ஆபத்து. தவறுதலாகக் கமிட் ஆன ஒரு கடவுச்சொல் அப்படித்தான் பல அஞ்சல் பெட்டிகளுக்கும் போய்ச் சேரும். களஞ்சியத்திலிருந்து அதை அகற்றினாலும் பெட்டிகளிலிருந்து அகற்ற முடியாது. ஆகையால் மடலில் கோப்புகளின் பட்டியலும் மாறிய வரிகளின் எண்ணிக்கையும் மட்டும் இருப்பதே நல்லது. உள்ளடக்கம் வேண்டுபவர் சுட்டியைத் தொடர்ந்து உள்நுழைந்து பார்க்கட்டும்.

இவற்றின் அடிப்படையில் உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, பதிவேட்டை மின்னஞ்சலிலிருந்து பிரித்து, மின்னஞ்சல் விவாதம் முடியும்வரை காத்திராமல் இந்த வாரமே மீண்டும் இயக்குங்கள். சர்வரின் நேரம், உள்நுழைந்த கணக்கும் சாவியும், வந்த முகவரி, களஞ்சியம், கிளை, பழைய அடையாளம், புதிய அடையாளம், அது கட்டாய புஷ்ஷா என்பது: ஒரு வரிக்கு இவ்வளவு போதும். கிளைகளையும் டேக்குகளையும் (கமிட்டுகளுக்கு இட்ட நிலையான பெயர்களையும்) நீக்குவதும் அதில் இடம்பெற வேண்டும். களஞ்சியச் சர்வரைக் கைப்பற்றியவர் தம் தடத்தையும் சேர்த்து அழித்துவிட முடியாதபடி, அந்த வரிகள் உடனுக்குடன் வேறொரு இயந்திரத்துக்குச் செல்ல வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டு அங்கே இருக்க வேண்டும். கூடவே சர்வரில் ரெஃப்லாக்கையும் போட்டுவையுங்கள். ஓர் அமைப்பு வரியால் முடிவது அது. துணைச் சாட்சியாகப் பயன்படும்.

இரண்டாவது, வெளியீட்டுக் கிளைகளிலும் டேக்குகளிலும் கட்டாய புஷ்ஷையும் நீக்கத்தையும், ஒவ்வொரு கிளையும் மாறுமுன் இயங்கும் அப்டேட் ஹூக்கின் வழியாக மறுத்துவிடுங்கள். முழுக் களஞ்சியத்துக்கும் கட்டாய புஷ்ஷைத் தடைசெய்யும் அமைப்பை நான் கேட்கவில்லை. அது தம் சொந்தக் கிளையில் ரீபேஸ் செய்பவர்களையும் முடக்கிவிடும்.

மூன்றாவது, மின்னஞ்சலை மேலே சொன்ன திருத்தங்களுடன் மீண்டும் கொண்டுவாருங்கள். புஷ் ஒன்றுக்கு ஒரு சுருக்க மடல் இயல்பாக இருக்கட்டும். தனித்தனிக் கமிட் மடல்கள் கேட்பவர்களுக்கு மட்டும் போகட்டும். எந்த அடைவுகளில் மாற்றம் வந்தால் தமக்கு மடல் வர வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ள வழி வேண்டும். கட்டாய புஷ் பற்றிய மடலை மட்டும் எவரும் அணைத்துவைக்க முடியாதபடி செய்யுங்கள். ஸ்கிரிப்ட்டைத் திருத்தி எழுதவும், சோதனைக் களஞ்சியத்தில் ஓட்டிக் காட்டவும் எங்கள் குழுவிலிருந்து ஆள் தருகிறோம். நீங்கள் சர்வரில் நிறுவினால் போதும்.

நான்காவது, ஹூக்குகளையே ஒரு தனிக் களஞ்சியத்தில் வையுங்கள். ஹூக்குகள் உள்ள அடைவு, களஞ்சியத்தைக் குளோன் செய்பவர்களுக்கு (பிரதியெடுப்பவர்களுக்கு) வந்து சேர்வதில்லை. அதனால் சர்வரில் என்ன இயங்குகிறது, யார் எப்போது அதை மாற்றினார் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. இந்த ஸ்கிரிப்ட்டை நீக்கிய செயலுக்கே எங்கும் பதிவு இல்லை. சுற்றறிக்கை வராமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இனி எந்த ஹூக் மாற்றமும் ரெவ்யூவுக்கு வந்த பின்னரே சர்வருக்குப் போக வேண்டும், நீக்கமும் அதில் அடங்கும்.

ஐந்தாவது கோரிக்கை தொழில்நுட்பம் சார்ந்தது அன்று. விடுப்பில் இருந்தபோது தம் பெயரில் பழி ஏற்ற சக ஊழியருக்கு, கமிட்டில் உள்ள பெயர் புஷ் செய்தவரைக் காட்டாது என்று உங்கள் குழு எழுத்து மூலம் உறுதிசெய்து, அவரிடம் விளக்கம் கேட்டவர்களுக்கும் அதன் நகலை அனுப்ப வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதைக் காரணத்தோடு, சுற்றறிக்கை சென்ற அத்தனை பேருக்கும் செல்லும் வகையில் பதிலாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மையக் களஞ்சியத்தைப் பயன்படுத்தும் ஒரு நிரலாளர்